மேலாளர் (பொ)

1

இந்தக் கதைய நான் ஒரு கதவுல இருந்து எடுத்தேன். முதல்லயே சொல்லிடறேன், கற்பனை வளம் எல்லாம் எனக்குக் கிடையாது.

பர்ரான்கியாவுல, மக்தலேனா ஆத்தோரம், டக் கம்பெனி ஒண்ணு. டக்னா பார்ஜ்ங்கிற சரக்கு மிதவைங்கள முட்டித் தள்ளிக்கிட்டுப் போற படகு. நான் கீழ பட்டறையில எஞ்சின் பிரிச்சுப் பூட்டுற ஆளு. மாடியில ஆபீஸ். அங்க ஒரு கதவுல பித்தளைத் தகடு:

நெரெய்தா ஓஸ்பினோ
மேலாளர் (பொ)

ஸ்பானிஷ்ல அந்த அடைப்புக்குறிக்குள்ள ஒத்த எழுத்துதான் இருக்கும். நம்ம ஊர் தாலுகா ஆபீஸ்ல ‘வட்டாட்சியர் (பொ)’ன்னு போடுவாங்கல்ல, அதே சமாச்சாரம். பொறுப்பு. நிஜமான ஆளு வர்ற வரைக்கும் நாற்காலியப் பாத்துக்கிற ஆளு. இந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் ஒத்துப்போற விஷயம் ரொம்பக் கம்மி. அந்தக் கொஞ்சத்துல இது ஒண்ணுன்னு நினைச்சா எரிச்சலா வருது.

நாலு வருஷமா அந்த (பொ) அங்கயே இருக்கு. அதுவும் பித்தளையில. தற்காலிகம்னா அட்டையில எழுதி ஒட்ட வேண்டியதுதானே? (பொ)ன்னு செதுக்கறதுக்கு ஆள் வச்சு, நாலு பக்கமும் திருகாணி போட்டு முடுக்கியிருக்காங்க.

2

ஆரம்பம் ஒண்ணு: ‘நெரெய்தாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. ஆனா பாத்தா அப்படிச் சொல்ல —’

அடிச்சுட்டேன்.

ஆரம்பம் ரெண்டு: ‘புருஷன் விட்டுட்டுப் போன பிறகு ரெண்டு பொண்ணுங்களையும் ஒத்தையில வளர்த்த நெரெய்தா —’

இதையும் அடிச்சுட்டேன். ஏன்னா கதையில பின்னால தோன் எஃப்ராயின் வர்றாரு, கம்பெனியோட தலைவர் (‘தோன்’னா நம்ம ‘ஐயா’ மாதிரி). அவர எழுதறப்ப அவருக்கு எத்தனை பிள்ளைங்கன்னு எழுதணும்னு எனக்குத் தோணவே இல்ல. (ஏழு. மூணு வீட்டுல சேர்த்து.)

ஆரம்பம் மூணு: ‘இரும்பு மனுஷின்னு —’

யாரு சொன்னா? யாரும் சொல்லல. நானா எழுதினது. நல்லா வேலை தெரிஞ்ச ஆம்பளைய வேலை தெரிஞ்சவன்னு சொல்றோம். பொம்பளைன்னா உடனே ஒரு உலோகம் வேண்டியிருக்கு.

மூணு தடவ எழுதி, மூணு தடவையும் நானே மாடி போர்டு ரூம்ல அவங்கள எடைபோடற ஆளுங்களோட ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். என் மேலயே கோவம் வந்து ரெண்டு நாள் நோட்டைத் தொடல.

ஆரம்பம் நாலு, இதுதான் நிக்குது: நெரெய்தா ஓஸ்பினோ ஒரு கம்பெனிய நடத்துறாங்க. டக் நாலு. பார்ஜ் பதினெட்டு. ஆளுங்க நூத்திப் பன்னெண்டு. தண்ணி வத்துற மாசத்துல எந்த வளைவுல மணல் ஏறியிருக்குன்னு கப்பித்தான்மாரே அவங்களுக்கு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் கயித்த அவுப்பாங்க.

வறட்சியா இருக்கா? இருக்கட்டும்.

3

கூப்பிடற முறையப் பத்தி ஒரு வார்த்தை. அது இல்லாம கதை புரியாது.

இந்தக் கரையோரத்துல ஒரு பொம்பளைய மரியாதையாக் கூப்பிடணும்னா ‘நீஞா’ன்னு சொல்லுவாங்க. சின்னப்பொண்ணுன்னு அர்த்தம். அறுபது தாண்டின கப்பித்தான் கந்தியோ எங்க மேலாளர ‘நீஞா நெரெ’ன்னு கூப்பிடறப்ப அதுல இருக்கிற மரியாதை பெரிய மரியாதை. அதையே தலைநகர் பொகோட்டாவுல இருந்து வந்தவன் சொன்னா, ‘ஏ பொண்ணு, போய் ஃபைல எடுத்துட்டு வா’ன்னுதான் காதுல விழும். ஒரே வார்த்தை. இத எப்படித் தமிழ்ல கொண்டாறது? நான் கப்பித்தான் வாயில ‘பாப்பா’ன்னு வச்சிருக்கேன். எங்க தூத்துக்குடிப் பக்கம் பாப்பாங்கிற பேர்ல அறுபது வயசுக்காரங்க இருக்காங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. கரையோரத்து ஆளுங்க பேச்சே எனக்கு எங்க ஊர் பேச்சாத்தான் கேக்குது. பொகோட்டாக்காரங்க பேசினா பாடப்புத்தகம் கேக்குது. அப்படியே எழுதியிருக்கேன்.

இன்னொண்ணு. போர்டு மீட்டிங்ல அவங்கள காபி கொண்டாரச் சொன்ன காட்சி ஒண்ணு எழுதி வச்சிருந்தேன். எடுத்துட்டேன். ‘இது எல்லாக் கதையிலயும் வருதே’ம்பீங்க. வரும்தான். நிஜத்துல மூணு தடவ நடந்துச்சு. நடந்தத எழுதினா பழசா இருக்குன்னு சொல்ற உங்ககிட்ட நான் என்ன பண்றது?

4

இந்த நாலு வருஷத்துல நிரந்தர மேலாளர்னு ரெண்டு பேர் வந்தாங்க. அவங்க வந்தா நெரெய்தா துணை மேலாளர். அவங்க போனா மறுபடி (பொ). தகட்ட மட்டும் யாரும் கழட்டல, எப்படியும் திரும்ப மாட்டணும்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு.

முதல் ஆளு ஆறு மாசத்துல பனாமா போயிட்டாரு. ரெண்டாவது ஆளப் பத்தித் துறைமுகத்துல இன்னும் பேசுறாங்க. மக்தலேனா தெக்க இருந்து வடக்கப் பாத்து ஓடுற ஆறு. ‘மேல அனுப்பு’ன்னா தெக்க. இந்த மனுஷன் வரைபடத்தப் பாத்து மேலன்னா வடக்கன்னு நினைச்சு, ரெண்டு பார்ஜ் நிறைய சிமெண்ட கடலுக்கு அனுப்பிச்சுட்டாரு. முகத்துவாரத்துல அலை அடிக்கிற இடத்துல வச்சு கப்பித்தான் கந்தியோதான் நெரெய்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டாரு: “பாப்பா, சிமெண்ட ஆப்பிரிக்காவுக்கா விக்கப் போறோம்?”

அந்த ஆளு ராஜினாமா பண்ணினப்ப ‘பாவம், அனுபவம் பத்தல’ன்னு சொல்லிப் பிரிவு விருந்து வச்சாங்க. சரி, விடுங்க.

விஷயத்துக்கு வர்றேன். கம்பெனி விதிப்படி ஒரு (பொ)வோட ஆயுசு தொண்ணூறு நாள். மூணு மாசத்துக்கு ஒருக்கா தோன் எஃப்ராயின் ஒரு வரியில கடிதம் போட்டு நீட்டணும். இந்த வருஷம் தொண்ணூறாவது நாள் கார்னிவல் சனிக்கிழமையில வந்து விழுந்துச்சு.

பர்ரான்கியாவுல கார்னிவல் சனிக்கிழமை கையெழுத்துப் போடற மனுஷன் எவனாவது உண்டா? தோன் எஃப்ராயின் தும்பிக்கை மாதிரி மூக்குத் தொங்குற முகமூடிய மாட்டிக்கிட்டு, கோட்ட உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுக்கிட்டு ஊர்வலத்துல ஆடிட்டு இருந்தாரு. செவ்வாய் வரைக்கும் நாலு நாள் ஊரே ஆடுச்சு. அப்புறம் ஊரே தூங்குச்சு. கடிதத்த மறந்துட்டாங்க.

கார்னிவல் முடிஞ்சு கோயில்ல நெத்தியில சாம்பல் பூசுற சாம்பல் புதனுக்கு மறுநாள் சிமெண்ட் கம்பெனிக்காரங்க வந்தாங்க. ஏழு மாசமா நெரெய்தா பேசிப் பேசிக் கனிய வச்ச மூணு வருஷ ஒப்பந்தம். ரெண்டு டக்குக்கு முழு வேலை. நெத்தியில சாம்பல் இன்னும் முழுசா அழியல, கம்பெனி சார்பா நெரெய்தா கையெழுத்துப் போட்டாங்க. நீட்டிப்புக் கடிதம் அதுக்கு அடுத்த புதன்கிழமைதான் வந்துச்சு.

சனியில இருந்து அந்தப் புதன் வரைக்கும் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாள் அந்தக் கம்பெனிக்கு மேலாளரே கிடையாது. படகு ஓடுச்சு, டீசல் வந்துச்சு, ஒரு பார்ஜ் தரை தட்டி எடுத்தும் ஆச்சு. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல.

ஜூன் மாசம் சிமெண்ட் கம்பெனிக்குப் புது வக்கீல் வந்தாரு. பழைய ஃபைலத் திறந்தவரு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பிச்சாரு: ‘கையெழுத்துப் போட்ட தேதியில இந்த அம்மா யாரு?’ வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரலன்னா ஒப்பந்தம் செல்லாது.

நான் சத்தியமாச் சொல்றேன், இந்தக் கேள்விக்காகத்தான் கதையே எழுத உக்காந்தேன்.

5

திங்கக்கிழமை தோன் எஃப்ராயின் அவங்க ரூமுக்கு வந்தாரு. ஜன்னலுக்கு வெளிய ஆறு வெயில்ல —

(அடிச்சுட்டேன். ஏசி ரூம், திரை போட்டிருந்துச்சு.)

“ராசாத்தி, ஒரு சின்ன உதவி,”ன்னு ஒரு காகிதத்த நீட்டினாரு.

நெரெய்தா கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. (பொ) நீட்டிப்புக் கடிதம். கார்னிவல் சனிக்கிழமை தேதி போட்டது. கீழ ‘ஏற்றுக்கொள்கிறேன்’னு அவங்க கையெழுத்துக்கு இடம்.

“அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க, தோன் எஃப்ராயின்?”

“எங்க இருப்பேன், ஊர்வலத்துல.”

“டிவியில காட்டினாங்க. மூக்கோட. அந்த மூக்கோட ஆபீஸ் வந்து, தெளிவா யோசிச்சு, இந்தக் கடிதத்த எழுதினீங்கன்னு நான் கையெழுத்துப் போடணும்.”

அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நல்ல சிரிப்பு, அத மறுக்க முடியாது. “தேதின்னா என்ன ராசாத்தி, ஒரு நம்பரு!”

“சரி. நான் இதுல போட்டுட்டா, வியாழக்கிழமை மீட்டிங்ல என்ன?”

அவரு மூடியிருந்த திரையப் பாத்தாரு. “வியாழக்கிழமை மவுரிசியோவ நிரந்தரமாப் போடறோம். தெரியும்ல உனக்கு. பொகோட்டாவுல மேல்படிப்புப் படிச்ச பய. நீ கூட இருந்து சொல்லிக்கொடு. உன்ன விட்டா யாரு இருக்கா?”

“நான் ரெண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்துட்டேன், தோன் எஃப்ராயின்.”

“அதான், அனுபவம் இருக்குல்ல!”

அதாவது இவங்க பொய்த் தேதியில (பொ)ன்னு ஒத்துக்கிட்டு ஒப்பந்தத்தக் காப்பாத்தணும். காப்பாத்தின ஒப்பந்தத்தோட அவரோட மருமகன் மவுரிசியோ போய் அந்த நாற்காலியில உக்காருவாரு. இத நான் கூட்டிச் சொல்லல. கொறச்சுத்தான் சொல்றேன்.

மவுரிசியோவ ஒரு வில்லனா எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை. முதல் பிரதியில அவனுக்கு வாசனைத் தைலம் எல்லாம் பூசி விட்டேன். ஆனா அந்தப் பையன் நல்லவன். பட்டறைக்கு வந்தா எனக்குக் கை கொடுப்பான், கிரீஸ் பட்டாலும் துடைக்க மாட்டான். அந்தக் கடிதத்தப் பாத்துட்டு, “தேதியை மாற்றுவது முறையல்ல, மாமா,”ன்னு சொன்னவனே அவன்தான். ‘அப்ப பதவிய வேண்டாம்னு சொல்லுவியா?’ன்னு யூர்லெய்திஸ் கேட்டாளாம். “அது வேறு விஷயம்,”னானாம். யூர்லெய்திஸ் போர்டு செயலாளர், அவ காதுல விழாதது அந்தக் கட்டடத்துல இல்ல.

வில்லன் இருந்தா எழுதறது எவ்வளவு லேசு. இங்க எல்லாரும் நல்லவங்களா இருந்து தொலைக்கிறாங்க.

6

இந்த ஊர்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். அதனால எழுதறத மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நெரெய்தாவுக்கே ஸ்பானிஷ்ல சொல்லிக்காட்டுவேன். பட்டறை வாசல்ல நின்னு எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தொத்திறைச்சி உருண்டையச் சாப்பிட்டுக்கிட்டே கேப்பாங்க.

“இந்து, ஏன் என்ன அழ வச்ச?”ன்னாங்க. (இங்க இந்தியாக்காரன் எல்லாருக்கும் பேரு இந்துதான். நான் ஞானஸ்நானம் வாங்கினவன்னு பத்தொன்பது வருஷமாச் சொல்லிப் பாத்துட்டேன்.)

“எஃப்ராயின் போன பிறகு கதவச் சாத்திட்டு அழுதீங்கன்னு ஒரு வரிதான்...”

“அழுதது நான் இல்ல. சிமெண்ட் கடலுக்குப் போன அன்னைக்கு எஃப்ராயின்தான் என் தோள்ல சாஞ்சு அழுதாரு. அத எழுதினியா?”

“இல்ல.”

“ஏன்?”

அவர எழுதினா கதை அவரப் பத்தினதாயிடும்னு பயந்தேனோ என்னவோ.

“அப்புறம், பொறுமைசாலின்னு நாலு இடத்துல சொல்ற. நான் பொறுமைசாலி இல்ல. எனக்குக் களைப்பு. தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியும் போல.”

நாலு இடத்துலயும் அடிச்சுட்டேன். அழுகையையும் அடிச்சுட்டேன். கதை பாதியாச் சுருங்கிடுச்சு.

7

புதன்கிழமை கப்பித்தான் கந்தியோ தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு மாடி ஏறி வந்தாரு. சிமெண்ட் ஒப்பந்தத்துல ஓடற ரெண்டு டக்குல ஒண்ணு அவரோடது.

“பாப்பா, ஒரு கையெழுத்துதானே. போட்டுருங்க. என் படகுல ஒம்பது பேரு. ஒப்பந்தம் போச்சுன்னா படகக் கட்டிப் போட்டுருவாவ.”

“பொய்த் தேதி, கப்பித்தான்.”

“ஆத்துல நாம பாக்காத பொய்யா?” அப்புறம் குரல இறக்கினாரு. “கதவுல எவன் பேரு இருந்தா நமக்கு என்ன பாப்பா? எங்களுக்கு எப்பவும் மேலாளர் நீங்கதான். அது ஊருக்கே தெரியும்.”

நெரெய்தா கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாங்க.

“அதத்தான், கப்பித்தான், மேல இருக்கிறவங்களும் சொல்றாங்க. எப்பவும் நான்தான். அதனாலதான் என்ன மேலாளராப் போட வேண்டிய அவசியமே அவங்களுக்கு வரல.”

கப்பித்தான் தொப்பிய ஒரு சுத்து சுத்தினாரு. “ஒம்பது பேரு, பாப்பா,”ன்னாரு மறுபடி. இறங்கிப் போயிட்டாரு.

இந்த இடத்துல கப்பித்தான் மனசு மாறி, தொழிலாளிங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து நெரெய்தாவுக்கு ஆதரவா நின்ன மாதிரி எழுதச் சொல்லி எனக்குள்ள ஒருத்தன் குதிக்கிறான். அவரு வரல. அவருக்கு ஒம்பது பேரு இருக்காங்க.

8

வியாழக்கிழமை, காலையில பத்து மணி. நான் அங்க இல்ல, யூர்லெய்திஸ் சொன்னதத்தான் எழுதறேன். மேசையில தோன் எஃப்ராயின், மவுரிசியோ, நெரெய்தா, மினிட் நோட்டோட யூர்லெய்திஸ். போன்ல, ஸ்பீக்கர்ல, மியாமியில இருக்கிற எஃப்ராயினோட ரெண்டு அக்காமாரு. அவங்களும் போர்டுதான். வருஷத்துக்கு நாலு தடவ ‘சரி எஃப்ரா, சரி எஃப்ரா’ன்னு சொல்லிட்டு வச்சிடுவாங்க.

நெரெய்தா அந்தக் கடிதத்த மேசையில தள்ளி விட்டாங்க. “இதுல நான் போட மாட்டேன்.”

“ராசாத்தி, நாளைக்கு வெள்ளிக்கிழமை!”

“தெரியும். உண்மையாவே செய்யலாம். ‘அன்னைக்கு இன்னார் போட்ட கையெழுத்த கம்பெனி ஏத்துக்குது’ன்னு இன்னைய தேதியிலயே தீர்மானம் போடுங்க. செல்லும். வக்கீல்கிட்டக் கேட்டுட்டேன்.”

தோன் எஃப்ராயின் முகம் மலர்ந்துடுச்சு. “இவ்வளவுதானா? இதச் சொல்றதுக்கா மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த? யூர்லெய்திஸ், எழுது!”

யூர்லெய்திஸ் எழுதினா: ‘மேற்படி தேதியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும், அன்று இக்கம்பெனியின்’ — பேனா நின்னுச்சு. “என்ன போட, தோன் எஃப்ராயின்?”

“மேலாளர், அடைப்புக்குறி, பொறுப்பு.”

“அன்னைக்குப் பொறுப்பு முடிஞ்சு அஞ்சு நாள்,”ன்னாங்க நெரெய்தா. “அதுக்குத்தானே உக்காந்திருக்கோம்.”

“அப்ப துணை மேலாளர்னு போடு.”

மவுரிசியோ தொண்டையச் செருமினான். “துணை மேலாளர் பதவியைச் சென்ற ஆண்டு நீங்களே ரத்து செய்துவிட்டீர்கள், மாமா. சிக்கனத்துக்காக.”

“ஊழியர்னு போடு!”

“ஊழியரின் கையெழுத்து கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, மாமா.”

“நீ யாரு பக்கம்டா?”

“நான்... வாசிப்பதைச் சொல்கிறேன்.”

தோன் எஃப்ராயின் நெத்தியத் தேய்ச்சாரு. “சரி. ‘மேலாளர்’னே போட்டுடலாமா? அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்?”

“போடலாம்,”னாங்க நெரெய்தா. “ஆனா அன்னைக்கு நான் மேலாளர்னா, அதுக்கப்புறம் என்ன இறக்கினது எந்தத் தீர்மானம்னு அந்த வக்கீல் கேப்பாரு. நானும் கேப்பேன்.”

ஏசி மட்டும் உறுமிட்டு இருந்துச்சு.

“எஃப்ரா?” போன்ல மூத்த அக்கா. “லைன் கட் ஆயிடுச்சா?”

“இல்லக்கா. ஒரு வார்த்தையில குழப்பம். அன்னைக்கு நெரெய்தா யாருன்னு எழுதணும்.”

“அதுல என்ன குழப்பம்? மேலாளர்னு எழுது.”

“அக்கா, அது வந்து...”

“நாலு வருஷமா அவதானேடா மேலாளர்? இன்னைக்கு எதுக்கோ மவுரிசியோன்னியே, நீ அவன அவளுக்குக் கீழ வேலைக்குச் சேக்கறதாத்தானே நினைச்சேன்!”

“பின்ன இவ்வளவு நாளா யாரு நடத்தினா?” சின்ன அக்கா பின்னால இருந்து கத்தினா. “நம்ம எஃப்ராவா?”

மவுரிசியோ மேசைய உத்துப் பாத்தான். நெரெய்தா சிரிக்கல. யூர்லெய்திஸ் அத எங்கிட்ட ரெண்டு தடவ அழுத்திச் சொன்னா: சிரிக்கவே இல்ல. மேசை மேல ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கிட்டுத் தோன் எஃப்ராயின மட்டும் பாத்துட்டு இருந்தாங்க. அவரு மினிட் நோட்டப் பாத்துட்டு இருந்தாரு.

9

முடிவு (அ): எஃப்ராயின் ‘மேலாளர்’னு சொல்றாரு. அக்காமாரு கைதட்டறாங்க. ஆசாரி வந்து தகட்டக் கழட்டறான். எழுதி முடிச்சு, மறுநாள் காலையில படிச்சுட்டுக் கிழிச்சேன். கேவலமா இருந்துச்சு. நாலு வருஷ உழைப்புக்கு ஒரு எழுத்து அழிஞ்சிருக்கு, அதுக்கு ஆளாளுக்குக் கைதட்டல். அதுலயும் கதாநாயகன் யாருன்னு பாத்தா எஃப்ராயின்! பெரிய மனசு பண்ணிட்டாராம்.

முடிவு (ஆ): நெரெய்தா எந்திரிச்சுப் போய்ச் சொந்தமா ஒரு கம்பெனி தொடங்கறாங்க. இது உங்களுக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். அவங்ககிட்டச் சொன்னேன். “எனக்கு எதுக்கு இன்னொரு கம்பெனி?”ன்னாங்க. “நான் நடத்துறதுதான் இருக்கே.”

முடிவு (இ): ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம்’னு கூட்டத்த ஒத்தி வைக்கறாங்க. ஒப்பந்தம் போகுது. கப்பித்தானோட படகக் கட்டிப் போடறாங்க. ‘ஒரு பொம்பள பிடிவாதத்தால’ன்னு துறைமுகமே பேசுது. இத எழுதவே எனக்குக் கை வரல. ஆனா மூணுல எது நடக்கும்னு பந்தயம் வைக்கச் சொன்னா நீங்க எதுல வைப்பீங்க? பாத்தீங்களா.

நடந்தது எனக்குத் தெரியும், ஒரே கட்டடத்துலதானே வேலை. சொல்ல மாட்டேன். சொன்னா ஒண்ணு ‘அப்பாடா’ம்பீங்க, இல்ல ‘ஐயோ பாவம்’பீங்க, நோட்ட மூடிட்டு உங்க ஆபீஸுக்குப் போயிடுவீங்க. உங்க ஆபீஸ்லயும் ஒரு கதவு இருக்கும். அதுக்குப் பின்னால யாரு வேலை பாக்கறாங்க, கதவுல யாரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அதனால கூட்டத்த அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன். பத்து மணி நாப்பது நிமிஷம். மியாமியில ரெண்டு பேரும் லைன்லதான் இருக்காங்க. கீழ கப்பித்தான் எஞ்சின ஓட விட்டுட்டுக் காத்திருக்காரு. தோன் எஃப்ராயின் இன்னும் வாயத் திறக்கல, நான் திறக்க விடப் போறதும் இல்ல. அவரு ரொம்ப நாள் பேசிட்டாரு. யூர்லெய்திஸ் பேனாவ உங்க பக்கம் நீட்டறா. ஒரு வார்த்தை போதும். அடைப்புக்குறி போடறதுக்கு இடம் விடல.

‘மேற்படி தேதியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும், அன்று இக்கம்பெனியின் ________ ஆக இருந்தவருமான நெரெய்தா ஓஸ்பினோ